குனிந்தவன் திரும்பும்போது: கோல்ஃப் ஸ்விங்கில் பக்கச் சாய்வு எங்கிருந்து வருகிறது

ஏற்காட்டில் சித்தப்பாவுக்கு ஆறு ஏக்கர் காபித் தோட்டம். பழம் காயப்போட ஒரு சிமெண்ட் களம் உண்டு. அறுவடை இல்லாத மாதங்களில் அந்தக் களம் எனக்கு. இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே பழைய மீன்வலையை நாலு மடிப்பாகக் கட்டி, முன்னால் ஒரு தேங்காய் நார் மிதியடியைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஏழிலிருந்து ஒன்பது வரை பந்தடிப்பேன். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவனுக்கு கோல்ஃப் எதற்கு என்று வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். பெங்களூரில் ஒரு வாடிக்கையாளர் கையில் மட்டையைத் திணித்து, "சும்மா ஒரு அடி அடிங்க" என்றார். ஒட்டிக்கொண்டது. வருஷத்துக்கு நாலைந்து தடவை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் முழு ஆட்டம் ஆடுவேன். மற்ற நாளெல்லாம் இந்த வலைதான் கதி.

ஒரு ஜூன் மாதக் காலை. பத்துப் பந்து அடித்தால் ஆறு பந்தின் உச்சந்தலையைத்தான் மட்டை தட்டுகிறது. பந்து எழும்பாமல் தரையோடு ஓடி வலையின் அடியில் போய் முட்டுகிறது. களத்தோரம் நீளக் கத்தியை வீசிப் புல் வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். அறுபதைத் தாண்டியவர். கோல்ஃப் என்ற சொல்லையே என்னிடம்தான் கேள்விப்பட்டிருப்பார்.

"தம்பி, அடிக்கற நேரத்துக்கு நிமிந்துக்கறீங்களே. நிமிந்துக்கிட்டு வீசுனா கத்தி புல்லு மேலயே போயிருமே."

"தலையைத் தூக்காதேன்னுதான்ணே எல்லாரும் சொல்றாங்க. தூக்காமத்தான் பாக்கறேன்."

"தலை எங்க தூக்குது? இடுப்புல்ல தூக்குது."

இரண்டு வருஷமாகப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டதில் யாரும் சொல்லாத ஒன்றை அவர் ஒரே பார்வையில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது ஏன் சரி, அதற்குள் என்ன கணக்கு இருக்கிறது என்று அதன் பிறகுதான் உட்கார்ந்து பார்த்தேன். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. மட்டையை வீசும்போது, அதாவது ஸ்விங்கில், உடம்பு பக்கவாட்டில் சாய்வதை ஆங்கிலத்தில் கற்றுத்தருபவர்கள் சைட் பெண்ட் என்கிறார்கள். நாம் பக்கச் சாய்வு என்று வைத்துக்கொள்வோம். இப்போதெல்லாம் கைபேசியில் எந்த கோல்ஃப் வீடியோவைத் திறந்தாலும் இந்தச் சொல் வந்துவிடுகிறது. 'இன்னும் சாயுங்கள், இன்னும் சாயுங்கள்' என்கிறார்கள். எங்கே, எதற்கு, எப்போது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. இங்கே சொல்வதெல்லாம் வலக்கை ஆட்டக்காரருக்கு; அவருக்கு இலக்கு இடப்பக்கம் இருக்கும். இதை வாசித்துக்கொண்டிருக்கும் இடத்திலேயே செய்யலாம். நேராக எழுந்து நில்லுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உடம்பை வலப்பக்கம் திருப்புங்கள். தோள்கள் இரண்டும் தரைக்குச் சமமாகவே சுற்றுகின்றன. சாய்வு எதுவும் தேவைப்படவில்லை. பம்பரம் செங்குத்தாக நின்று சுற்றுகிற மாதிரி.

இப்போது இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நில்லுங்கள். முதுகை வளைக்காமல் இடுப்பு மூட்டில் மடிய வேண்டும். கோல்ஃப் பந்துக்கு முன்னால் நிற்கும்போது முதுகு ஏறக்குறைய 35 டிகிரி குனிந்திருக்கும். மட்டையின் நீளத்தைப் பொறுத்துக் கூடும் குறையும். அந்தக் குனிவிலேயே வலப்பக்கம் திரும்புங்கள், தலை இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இடது தோள் தானாகக் கீழே இறங்குகிறதா? வலது தோள் மேலே போகிறதா? இடது விலா ஒடுங்கி வலது விலா விரிகிறதா? அதுதான் பக்கச் சாய்வு. நீங்கள் சாயவில்லை, குனிந்திருந்தீர்கள், திரும்பினீர்கள், அவ்வளவுதான்.

பந்தைப் பார்த்து நிற்கும்போது முன்குனிவாக இருந்தது, மார்பு 90 டிகிரி திரும்பியதும் மார்பின் கணக்குப்படி பக்கச் சாய்வாக ஆகிவிடுகிறது. சாய்வு அதே 35 டிகிரிதான். பெயர்தான் மாறுகிறது. பாதி வழியில், அதாவது மார்பு 45 டிகிரி திரும்பிய இடத்தில் நிறுத்தினால் முன்குனிவு 26 டிகிரி, பக்கச் சாய்வு 24 டிகிரி என்று கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்திருக்கும். பள்ளிக்கூடத்து சைன், டேன் அட்டவணை போதும், யார் வேண்டுமானாலும் போட்டுப் பார்க்கலாம். உடம்பில் சென்சார்களைக் கட்டி முப்பரிமாணத்தில் அளக்கிறார்களே, அந்த அளவுகளிலும் தொழில்முறை ஆட்டக்காரர்களின் மார்பு, மட்டையை மேலே கொண்டுபோகும் பேக்ஸ்விங்கின் உச்சியில் 35 டிகிரிக்குப் பக்கத்தில்தான் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அவர்கள் ஏதோ ரகசியத்தைச் செய்வதாக நினைத்துவிட வேண்டாம். குனிவைத் தொலைக்காமல் திரும்புகிறார்கள்.

சாயாமல் திரும்பினால் என்ன ஆகும்? குனிவு போய்விடும். வேறு வழியில்லை. தோள்களைத் தரைக்குச் சமமாகச் சுற்றுகிறவன், திரும்பி முடிக்கும்போது நிமிர்ந்து நிற்பான். தலை மேலே போயிருக்கும். பந்தை அடிக்கக் கீழே வர வேண்டும், அதுவும் கால் வினாடிக்குள். மட்டை கீழே வரும் டவுன்ஸ்விங்கின் மொத்த நேரமே அவ்வளவுதான். ஒரு தடவை சரியாக வரும். அடுத்த தடவை மண்ணை வெட்டும். அதற்கடுத்தது பந்தின் தலையைத் தட்டும். 'தலையைத் தூக்காதே' என்ற அறிவுரை இங்கேதான் வீணாகிறது. தலை எழுந்தது உண்மை. எழுப்பியது கழுத்து இல்லை. காய்ச்சல் வந்தவனிடம் சூடாக இருக்காதே என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

இதற்கு நேர் எதிரான தப்பும் ஒன்று உண்டு. நம் ஊர் ஆட்களுக்கு அதுதான் அதிகம் வரும் என்பது என் கணிப்பு. காரணம் கிரிக்கெட். சேலம் மாவட்டத்தில் எந்தப் பையனும் முதலில் பிடிப்பது கிரிக்கெட் மட்டைதான். சின்னப்பம்பட்டி நடராஜன் 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக இறங்கிய பிறகு சொல்லவே வேண்டாம். கிரிக்கெட்டில் நேர் டிரைவ் ஆடும்போது முன் தோள் பந்தை நோக்கி இறங்கும், மட்டை செங்குத்தாக வரும். உடம்பு அதிகம் திரும்பாது. அந்தப் பழக்கத்தோடு கோல்ஃப் மட்டையைப் பிடித்தால் தோள்கள் ஏற்றமரம் மாதிரி மேலும் கீழும் ஆடும். இடது தோள் திரும்பாமலே கீழே இறங்கும், மேல் உடம்பு இலக்கின் பக்கமாகச் சாய்ந்துவிடும், எடை இடது காலிலேயே தங்கிவிடும். அடிக்கும்போது எடை பின்னால் போகும். கண்ணாடியில் பார்த்தால் சாய்வு இருக்கிற மாதிரிதான் தெரியும். அது திருப்பத்தோடு வந்த சாய்வு இல்லை, திருப்பத்துக்குப் பதிலாக வந்த சாய்வு. பம்பரத்தில் சாய்வு இல்லை, ஏற்றமரத்தில் திருப்பம் இல்லை. இரண்டும் ஒன்றாக நடந்தால்தான் ஸ்விங்.

சரி, இந்த 90 டிகிரி எங்கிருந்து வருகிறது? 'இடுப்பைத் திருப்பு, முதுகைத் திருப்பு' என்று சொல்லிவிடுகிறோம். கீழ்முதுகு திரும்புவதற்காகப் படைக்கப்பட்டதே இல்லை. இடுப்புக்கு மேலே இருக்கும் அந்த ஐந்து எலும்புகளும் ஒவ்வொன்றும் ஓரிரு டிகிரிதான் திரும்பும். அவற்றைப் பூட்டியிருக்கும் சிறு மூட்டுகள் முன்பின்னாக அசைய இடம் கொடுக்கும், திரும்புவதைத் தடுக்கும். ஐந்தையும் சேர்த்தால் பத்துப் பன்னிரண்டு டிகிரி தேறினால் பெரிது. விலா எலும்புகள் ஒட்டியிருக்கும் நடுமுதுகு இதைவிட நன்றாகத் திரும்பும். மிச்சமெல்லாம் தொடை எலும்பு இடுப்பில் பொருந்துகிற பந்துக்கிண்ண மூட்டிலிருந்து வர வேண்டும். தொழில்முறை ஆட்டக்காரர்களின் இடுப்பு பேக்ஸ்விங்கில் 45 டிகிரி வரை திரும்புகிறது. மார்பின் திருப்பத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடுகிறது.

1990-களில் இதைத் தலைகீழாகச் சொல்லிக்கொடுத்தார்கள். 1992-இல் ஜிம் மெக்லீன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் எக்ஸ் ஃபேக்டர் என்ற கருத்தைப் பிரபலமாக்கினார். தோளின் திருப்பத்துக்கும் இடுப்பின் திருப்பத்துக்கும் உள்ள இடைவெளி கூடினால் பந்து தூரம் போகும் என்பது அதன் சாரம். கருத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அதைக் கேட்ட சாதாரண ஆட்டக்காரர்கள் செய்ததுதான் வினை. இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மேல் உடம்பை மட்டும் முறுக்கினார்கள். இருபது வயதுப் பையனுக்கு நடுமுதுகு இளகிக் கொடுக்கும். பட்டறையில் நாள் முழுக்கத் தரையில் குனிந்து உட்கார்ந்து வெள்ளிக் கண்ணியைக் கோத்துப் பார்க்கிற 47 வயது முதுகு கொடுக்குமா? இடுப்பைத் திரும்ப விடுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இடுப்பு திரும்ப வேண்டுமானால் கால் வழிவிட வேண்டும். இங்கே ஒரு பழைய பாடம் குறுக்கே நிற்கிறது: 'வலது முழங்காலை மடக்கியபடியே வை, நீட்டாதே.' நானும் பல மாதம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். முழங்கால் மடங்கியபடி இறுகி நின்றால் இடுப்பு தரைக்குச் சமமாகவே இருக்கும், திரும்பவும் இடமிருக்காது, சாயவும் வழியிருக்காது. வலது கால் கொஞ்சம் நீளட்டும், இடது முழங்கால் கொஞ்சம் உள்ளே மடங்கட்டும். வலது இடுப்பு மேலே பின்னால் போகும், இடது இடுப்பு முன்னால் இறங்கும். முதுகு அதன் மேல் உட்கார்ந்திருப்பதால் சாய்வில் ஒரு பங்கு தானாக வந்துவிடும். மாடிப்படியில் ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில் வைத்து நிற்பவரின் இடுப்பைப் பாருங்கள், அதே ஏற்ற இறக்கம்தான். பக்கச் சாய்வை விலாவில் தேடுகிறவர்கள் அது பாதத்தில் தொடங்குகிறது என்பதைத் தவறவிடுகிறார்கள்.

இதுவரை சொன்னது பாதி. மட்டை கீழே வரும் பாதிதான் சிக்கலானது.

மேலே போனபோது இடப்பக்கம் சாய்ந்த உடம்பு, பந்தை அடிக்கிற கணத்தில் வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். காரணம் அதே கணக்குதான். அடிக்கும்போது நிற்கும் நிலை தொடக்கத்தில் நின்ற நிலை இல்லை. இடுப்பு இலக்கின் பக்கம் ஏறக்குறைய 40 டிகிரி திறந்துவிட்டிருக்கும், மார்பும் கொஞ்சம் திறந்திருக்கும். உடம்பு இடப்பக்கம் திரும்பிய பிறகும் பந்து அதே இடத்தில்தான் கிடக்கிறது. குனிவைக் காப்பாற்ற வேண்டுமானால் இப்போது வலது விலா ஒடுங்க வேண்டும், வலது தோள் இடது தோளைவிடக் கீழே இருக்க வேண்டும். மட்டையைப் பிடிக்கும்போதே வலது கை கீழே, இடது கை மேலே; அதனால் தொடக்கத்திலேயே வலது தோள் ஒரு சுண்டு இறங்கித்தான் இருக்கும். அந்தச் சின்னச் சரிவு அடிக்கும் கணத்தில் பல மடங்காகிறது. முப்பரிமாண அளவுகளில் மார்பின் வலப்பக்கச் சாய்வு அப்போது 30 டிகிரியை ஒட்டி வருகிறது.

இதை வார்த்தையில் படித்தால் தலை சுற்றும். செய்துபார்த்தால் ஏற்கெனவே தெரிந்த வேலை. சித்தப்பாவின் தோட்டத்தில் தண்ணீர் தேங்குகிற குட்டை ஒன்று இருக்கிறது. சின்ன வயசில் அதில் ஓட்டாஞ்சில்லு எறிந்து எத்தனை தத்து தத்துகிறது என்று எண்ணுவோம். சில்லு தண்ணீரைக் குத்தாமல் தடவிக்கொண்டு போக வேண்டும், அதற்குக் கை முழங்கால் உயரத்தில் பக்கவாட்டில் வர வேண்டும். என்ன செய்வோம்? இடது காலை முன்னால் ஊன்றி, வலது விலாவை மடித்து, வலது முழங்கையை இடுப்போடு ஒட்டிக்கொண்டு வந்து வீசுவோம். யாரும் கற்றுத்தரவில்லை. இடுப்பு முதலில் திரும்பும், பிறகு மார்பு, பிறகு கை, கடைசியில் சில்லு. கோல்ஃபிலும் இதே வரிசை: இடுப்பு, மார்பு, இடது கை, மட்டை. ஒன்றன் வேகம் தணியத் தணிய அடுத்ததன் வேகம் ஏறும். நிமிர்ந்து நின்றபடி சில்லு எறிந்து பாருங்கள், முதல் தத்திலேயே முங்கிவிடும்.

புல் வெட்டுகிற அண்ணன் சொன்னதும் இதைத்தான். அவர் வீசுவதைப் பிறகு பக்கத்தில் நின்று பார்த்தேன். கத்தி வலமிருந்து இடமாக வரும்போது அவருடைய பின்பக்கம் ஒரு இம்மி முன்னால் வரவில்லை. வலது தோள் கத்தியோடு கீழேயே வந்தது, இடது கால் மெல்ல நிமிர்ந்தது, இடது இடுப்பு பின்னால் ஒதுங்கியது. நானோ பந்தை அடிக்கும் கணத்தில் இடுப்பைப் பந்தை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தேன். இடுப்பு முன்னால் வந்தால் கைக்குப் போக இடமில்லை. இடம் உண்டாக்க உடம்பு நிமிர்கிறது. நிமிர்ந்தால் மட்டை மேலே போகிறது. ஏர்லி எக்ஸ்டென்ஷன் என்று இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வாரக்கடைசி ஆட்டக்காரர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படும் கோளாறு. பக்கச் சாய்வு வராதவனுக்கு உடம்பு கண்டுபிடிக்கும் மாற்று வழி என்றுகூடச் சொல்லலாம். சாய்ந்து பந்தை எட்ட முடியாதவன், நிமிர்ந்து மணிக்கட்டை வீசி எட்டப் பார்க்கிறான்.

இதற்கு என் மருந்து வீட்டுச் சுவர். பின்பக்கம் சுவரை லேசாகத் தொடுகிற மாதிரி குனிந்து நின்று, மட்டை இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு ஸ்விங் செய்வது. மேலே போகும்போது வலது பிட்டம் சுவரை அழுத்த வேண்டும். கீழே வரும்போது இடது பிட்டம் அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். நடுவில் இரண்டும் சுவரை விட்டு விலகினால் பழைய கோளாறு திரும்பிவிட்டது என்று அர்த்தம். முதல் வாரம் இருபதில் இரண்டு தடவைகூட எனக்கு ஒட்டவில்லை. நிதானமாகச் செய்தால் ஒட்டும், வேகம் கூட்டினால் விலகும். வேகத்தைக் குறைத்துக்கொண்டேன்.

இன்னொரு பயிற்சி எல்லோரும் சொல்வது: மட்டையைத் தோள்களின் குறுக்கே வைத்துக் கையால் கட்டிக்கொண்டு திரும்புவது. திரும்பி முடித்ததும் மட்டையின் இடது நுனி பந்தைக் காட்ட வேண்டும் என்பார்கள். கணக்குப் போட்டால் அது சரியில்லை. 35 டிகிரி குனிந்தவனின் தோள்கள் உச்சியில் தரைக்கு 35 டிகிரிதான் சரிந்திருக்கும். என் உயரத்துக்கு அந்தக் கோட்டை நீட்டினால் பந்தைத் தாண்டி மூன்று நாலு அடி தள்ளித்தான் தரையைத் தொடுகிறது. பந்தையே காட்ட வேண்டும் என்று இழுத்தால் ஏற்றமரம் ஆகிவிடுவோம். ரொம்ப தூரத்தில் வேலியைக் காட்டினால் பம்பரம். களத்தில் சாக்பீஸால் பந்துக்கு அப்பால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். சித்தி அதைக் கோலம் என்று நினைத்து ஒருநாள் பூ வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இனி முதுகுவலி. இதைச் சொல்லாமல் பக்கச் சாய்வைப் பற்றி எழுதுவது நியாயமில்லை.

இந்தக் கணக்கெல்லாம் புரிவதற்கு முன்னால், ஒரு நகரத்துப் பயிற்சித் திடலில் ஒருவர் என் வீடியோவைப் பார்த்துவிட்டு, அடிக்கும்போது வலப்பக்கம் சாய்வு போதவில்லை என்றார். சொன்னது தப்பில்லை. எப்படி என்று கேட்டதற்கு, வலது தோளைக் கீழே அழுத்தச் சொன்னார். ஒரு மணி நேரத்தில் 120 பந்து. இடுப்பு திரும்பவே இல்லை, விலாவை மட்டும் மடித்து மடித்து அடித்தேன். மறுநாள் காலை வலது கீழ்முதுகு பிடித்துக்கொண்டது. மூன்று வாரம் பட்டறையில் நின்றுகொண்டே கணக்கு எழுதினேன்.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு அதிகம் அடிபடும் இடம் கீழ்முதுகுதான். ஆராய்ச்சியாளர்கள் இதற்கு கிரஞ்ச் ஃபேக்டர் என்ற ஓர் அளவை வைத்திருக்கிறார்கள்: முதுகு பக்கவாட்டில் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, அதே கணத்தில் எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது, இரண்டையும் பெருக்கி வருவது. இரண்டும் உச்சத்தில் சந்திக்கும் இடம் பந்தை அடிக்கும் கணமும் அதற்கு அடுத்த நொடித்துளியும். வலக்கை ஆட்டக்காரனுக்கு அப்போது நசுங்குவது வலப்பக்க மூட்டுகள். வேகப்பந்து வீச்சாளர்களின் கதையும் பக்கத்து வீட்டுக் கதைதான். அவர்கள் பந்தை விடும்போது வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் சாய்கிறார்கள், அந்தப் பக்கத்து முதுகெலும்பில்தான் விரிசல் விழுகிறது. 1960, 70-களின் கோல்ஃப் படங்களைப் பார்த்தால், ஆட்டக்காரர்கள் அடித்து முடித்ததும் முதுகைப் பின்னால் வில்லாக வளைத்து நிற்பார்கள். தலைகீழ் 'சி' என்று அதற்குப் பெயர். பார்க்க அழகு. முதுகு அதற்குக் கொடுத்த விலை அதிகம் என்பதால் இப்போது பெரும்பாலும் அப்படிக் கற்றுத்தருவதில்லை. அடித்து முடித்ததும் நிமிர்ந்து, மார்பு இலக்கைப் பார்க்க, எடை முழுக்க இடது காலில் நிற்கச் சொல்கிறார்கள். கோல்ஃப் நட்சத்திரம் டைகர் வுட்ஸ் 2017-இல் கீழ்முதுகு எலும்புகளை இணைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, 2019-இல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய கோல்ஃப் போட்டியில் வென்றார். அவருக்கு மருத்துவர் படையே உண்டு. நமக்கு அமிர்தாஞ்சன்.

சாய்வைக் குறைத்தால் முதுகு தப்பிக்குமா என்றால், குறைத்தால் பந்து போய்விடும். வழி வேறு. அதே சாய்வை விலா மட்டும் சுமக்காமல் இடுப்பும் காலும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். அடிக்கும்போது இடது கால் நிமிர்ந்து இடது இடுப்பு மேலே போனால், இடுப்பே வலப்பக்கம் சரிந்து, முதுகு மடிய வேண்டிய அளவு குறைகிறது. இடுப்பு நன்றாகத் திறந்தால் கீழ்முதுகு முறுக்கிக்கொள்ள வேண்டியதில்லை. எனக்கு வலி வந்தது சாய்ந்ததால் இல்லை, திரும்பாமல் சாய்ந்ததால். இப்போது பந்தடிக்கும் முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து தொடையை உள்ளே வெளியே சுழற்றுவது, சுவரில் கைவைத்து நடுமுதுகைத் திருப்புவது என்று ஏதாவது செய்துவிட்டுத்தான் மட்டையைத் தொடுகிறேன். ஒரு நாளைக்கு நாற்பது பந்து. அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை.

சமதளத்தில் இவ்வளவு. மலையில் கதை வேறு, நமக்கு மைதானமே மலையில்தானே. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. ஊட்டியின் ஜிம்கானா மைதானம் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் ஏறி இறங்கிக் கிடக்கிறது. இரண்டிலும் சமமான தரையில் பந்து கிடைத்தால் அன்றைக்கு யோகம். கடல் மட்டத்தைவிட உயரம் என்பதால் காற்றின் அடர்த்தி குறைந்து பந்து கொஞ்சம் கூடுதலாகப் பறக்கும். அந்தச் சந்தோஷத்தைச் சரிவு உடனே பிடுங்கிக்கொள்ளும்.

பந்து பாதத்தைவிடக் கீழே கிடந்தால் கூடுதலாகக் குனிய வேண்டும். குனிவு 35-லிருந்து 45 டிகிரி ஆனால், மேலே சொன்ன கணக்குப்படி பக்கச் சாய்வும் அதே அளவு கூட வேண்டும். சமதளப் பழக்கத்தில் 35 டிகிரி சாய்ந்து அடிக்கிறவன் பந்தின் தலையைத் தட்டுவான். வலப்பக்கம் வழுக்கிக்கொண்டு போகவும் வாய்ப்பு அதிகம். பந்து பாதத்தைவிட மேலே இருந்தால் நேர்மாறு: ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கிறோம், சாய்வு குறைவு, தோள்கள் பம்பரம் மாதிரி சுற்றத்தான் வேண்டும், பந்து இடப்பக்கம் இழுக்கும். நின்ற நிலை எவ்வளவு குனிவைக் கேட்கிறதோ அவ்வளவு சாய்வு. தனியாகச் 'சரியான சாய்வு' என்று ஒரு எண் கிடையாது. எங்கள் களத்துக்குக் கீழே காபிச் செடிகளுக்கு நடுவில் போகும் நடைபாதை நல்ல சரிவு. பந்தில்லாமல் அங்கே நின்று, மேலே பார்த்து பத்து, கீழே பார்த்து பத்து என்று வீசிப் பழகியது வலைக்கு முன்னால் அடித்த ஆயிரம் பந்தைவிட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

மட்டை மாறினாலும் இதே கதைதான். வெட்ஜ் கிட்டத்தில் அடிக்கும் குட்டை மட்டை, பந்து காலுக்குப் பக்கத்தில், குனிவு அதிகம், உச்சியில் சாய்வும் அதிகம். டிரைவர் தூரம் அடிக்கும் நீள மட்டை, நிமிர்ந்து நிற்கிறோம், மேலே போகும்போது சாய்வு குறைவு. ஆனால் டிரைவரில் பந்து டீ என்ற சின்ன முளையின் மேல், இடது குதிகாலுக்கு நேராக இருக்கிறது. அதைக் கீழிருந்து மேலாக வருட வேண்டும். அதனால் அடிக்கும்போது மேல் உடம்பு இலக்கை விட்டு இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். வெட்ஜிலும் மற்ற இரும்பு மட்டைகளிலும் (அயர்ன்) பழகிய உடம்பை அப்படியே டிரைவருக்குக் கொண்டுபோகிறவர்கள்தான், 'அயர்ன் நல்லா வருது, டிரைவர் மட்டும் வரமாட்டேங்குது' என்று புலம்புகிறவர்கள். நானும் அந்தக் கட்சிதான்.

கடைசியாக, வீடியோவைவிட எனக்கு உதவிய ஒரு ஏற்பாடு. காலை ஏழரைக்கு வெயில் முதுகுப் பக்கமிருந்து விழும்படி நின்றால் என் நிழல் பந்தைத் தாண்டிக் களத்தில் நீளும். தலையின் நிழல் விழும் இடத்தில் ஒரு காபிக் கொட்டையை வைப்பேன். ஸ்விங் முழுக்க, பந்து போகிற வரைக்கும், கொட்டை நிழலுக்குள்ளேயே இருக்க வேண்டும். நிமிர்ந்தால் நிழல் நீண்டு கொட்டை கழுத்துக்குப் போய்விடும். ஏற்றமரம் ஆடினால் நிழல் இடமோ வலமோ விலகிக் கொட்டை வெயிலில் கிடக்கும். மெதுவாகச் செய்தால் பத்துக்கு எட்டு தேறுகிறது. பந்தை வைத்து முழு வேகத்தில் அடித்தால் இப்போதைக்கு ஐந்து. நவம்பரில் பழம் எடுக்கத் தொடங்கிவிட்டால் களம் கிடையாது, தைக்குப் பிறகுதான். அதற்குள் ஏழாக்கிவிடப் பார்க்கிறேன்.